போர்ச் செய்தி வரும்போது பிள்ளைகளிடம் என்ன சொல்கிறீர்கள்?

செக்காலை அம்மா:

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீடுகள் நிறைய. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

என் மகள் ஏழாம் வகுப்பு, மகன் இரண்டாம் வகுப்பு. அவர்கள் அப்பாவுக்குக் கத்தாரில், தோகாவில் வேலை. 2025 ஜூன் 23 ராத்திரி அங்கே அமெரிக்கப் படை இருக்கிற அல் உதைத் விமானத் தளத்தின் மீது ஈரான் ஏவுகணை விட்டதே, அன்றிலிருந்து டிவியில் பிரேக்கிங் நியூஸ் சத்தம் கேட்டாலே சின்னவன் எங்கிருந்தாலும் ஓடி வந்து "அப்பா ஊரா?" என்கிறான். இல்லை என்றால் விளையாடப் போய்விடுகிறான். உக்ரைனைக் காட்டினாலும் இதே கேள்விதான், காஸாவைக் காட்டினாலும் இதே கேள்விதான்.

"புள்ளைகிட்ட எதுக்கு இதெல்லாம், ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டுப் போ" என்பார் என் மாமியார். ஆனால் காலையிலிருந்து நியூஸ் சேனலை முழுச் சத்தத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரும் அவர்தான். ஒண்ணுமில்லை என்றால் பையன் நம்புவதில்லை. உள்ளதைச் சொன்னால் தூங்குவதில்லை. பெரியவள் எதுவுமே கேட்பதில்லை, போனில் பார்த்துக்கொள்கிறாள். எனக்கு அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

நீங்கள் எல்லாம் என்ன செய்கிறீர்கள்?

தேவகோட்டை டீச்சர்:

முதலில் அவன் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று கேளுங்கள். நாம் ஒன்றை நினைத்துப் பதில் சொல்வோம், அவன் மண்டையில் வேறொன்று ஓடிக்கொண்டிருக்கும்.

2025 மே 7ஆம் தேதி நாடு முழுக்கப் போர்க்கால ஒத்திகை என்று செய்தி வந்தது நினைவிருக்கும். நான் அப்போது மூன்றாம் வகுப்பு டீச்சர். லீவு நாள்தான், ஆனால் தெருப் பிள்ளைகள் சாயங்காலம் என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். சைரன் ஊதினால் எங்கே ஒளிவது என்று ஒரே பேச்சு. ஒருத்தன் பாகிஸ்தான் திருச்சிக்கு அந்தப் பக்கம்தானே இருக்கிறது என்றான். அவனுடைய தாத்தா திருச்சி ஆஸ்பத்திரியில் இருந்தார், அதுதான் அவன் பயம். இன்னொருத்திக்குப் பள்ளிக்கூடம் திறக்காமல் போய்விடுமோ என்று கவலை (சந்தோஷமாகத்தான் கேட்டாள் என்று நினைக்கிறேன்). மேப்பை எடுத்து விரித்து, இது தேவகோட்டை, இது டெல்லி, இது எல்லை, நமக்கும் அதற்கும் ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் என்று விரலை வைத்துக் காட்டினேன். பாதிப் பேருக்கு அதோடு சரியாகிவிட்டது.

கேட்டதற்கு மட்டும் பதில். அவன் ஒரு வரி கேட்டால் நாமும் ஒரு வரி. ஈரான், இஸ்ரேல், அமெரிக்கா, எண்ணெய், அணு என்று ஆரம்பித்தால் அது நம் பயத்தை இறக்கி வைப்பதுதான்.

சும்மா வந்தேன்:

இதெல்லாம் ஓவர். எங்கள் காலத்தில் இப்படியெல்லாம் யாரும் உட்கார வைத்துப் பேசவில்லை. நாங்கள் என்ன கெட்டா போய்விட்டோம்?

பள்ளத்தூர்க்காரர்:

தம்பி சொல்வதில் பாதி சரி. உட்கார வைத்துப் பேசவில்லை. ஆனால் எங்கள் வளவில் போரைப் பற்றிப் பேசாத நாளே கிடையாது. எனக்கு வயது எழுபதுக்கு மேல். 1941 டிசம்பர் 23ஆம் தேதி ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டதை என்னால் நேரில் பார்த்தவன் மாதிரிச் சொல்ல முடியும். இரண்டு நாள் கழித்துக் கிறிஸ்துமஸ் அன்றைக்கு மறுபடியும் போட்டான். எல்லாம் எங்கள் ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், சொல்லக் கேட்டதுதான். அவர் அங்கே ஒரு வட்டிக்கடைப் பெட்டியடியில் கணக்குப் பிள்ளையாக இருந்தவர். கப்பலில் இடம் கிடைக்காமல் புரோம் வரை போய், அங்கிருந்து மலை தாண்டி டவுங்குப், அக்யாப், பிறகு படகில் சிட்டகாங் என்று வந்து சேர்ந்தார். வழியில் காலரா. கூட வந்தவர்களைப் பாதையோரம் விட்டுவிட்டு வந்த கதையை வெள்ளைப் பணியாரம் தின்றுகொண்டே கேட்டிருக்கிறோம். எங்களுக்கு ஏழு, எட்டு வயதுதான். யாரும் பயந்து காய்ச்சலில் விழவில்லை. முகப்பில் நிற்கிற தேக்குத் தூணைக் காட்டி, "இது வந்த ஊருலதான்டா நான் செத்துப் பிழைச்சேன்" என்பார்.

ஆகவே ஆத்தா, மறைக்காதே. பிள்ளைகள் நாம் நினைக்கிற அளவுக்குக் கண்ணாடிச் சாமான் கிடையாது.

தேவகோட்டை டீச்சர்:

ஐயா, ஒன்று கேட்கலாமா? உங்களுக்குக் கதை சொன்னவர் உயிரோடு திரும்பி வந்தவர். குண்டு, காலரா, காடு எல்லாவற்றையும் தாண்டி வந்து உங்கள் முன்னால் ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கிறார். கதையின் முடிவு கண்ணெதிரே இருக்கிறது. இந்தப் பையன் டிவியில் பார்க்கிற கதைக்கு முடிவே தெரியாது. அப்பா அங்கேயே இருக்கிறார்.

உங்கள் ஐயா திரும்பி வராத அந்த மாதங்களில், வீட்டில் இருந்த பிள்ளைகளிடம் பெண்கள் என்ன சொன்னார்கள்? தெரிந்தால் சொல்லுங்கள்.

பள்ளத்தூர்க்காரர்:

நல்ல கேள்விதான் டீச்சர்.

ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் அப்பச்சிக்கு (என் அப்பாவைத்தான் சொல்கிறேன்) அப்போது ஆறு வயது. அவர் வயதான பிறகுதான் இதை என்னிடம் சொன்னார். தபால்காரர் வருகிற நேரத்துக்கு அப்பத்தா முகப்புக்கு வருவதை நிறுத்திவிட்டார்களாம். வாரா வாரம் கடுதாசி வந்த வீட்டில் ஒன்றுமே வரவில்லை. யாரும் எதுவும் பேசவில்லை. சமையல், கோயில், படைப்பு எல்லாம் வழக்கம்போல. அப்பச்சி அதற்கு முன்னால் ஒருநாள் ரங்கூனிலிருந்து வந்த மங்குத் தட்டைக் கீழே போட்டு விளிம்பு பெயர்ந்துவிட்டது. அதை ஒளித்து வைத்தவர். அதனால்தான் அப்பாவிடமிருந்து கடுதாசி வரவில்லை என்று நினைத்துக்கொண்டாராம். ஐயா வந்து சேர்ந்தது 1942இல் கோடைக்கு அப்புறம். அதுவரைக்கும் பிள்ளை தினமும் அந்தத் தட்டை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி ஒளித்து வைத்திருக்கிறது.

இதை நான் முன்பு சொன்ன பதிலோடு சேர்த்து யோசித்ததில்லை. நீங்கள் கேட்டதால் வந்தது.

குழந்தை டாக்டரம்மா:

பள்ளத்தூர் ஐயா சொன்னது போன்ற ஒன்றை நான் என் அறையில் அடிக்கடி கேட்கிறேன். ஆறு, ஏழு வயது வரைக்கும் பிள்ளைகள் நடக்கிற கெட்டதுக்குத் தங்களையே காரணமாக வைத்துக்கொள்வார்கள். நான் பொய் சொன்னதால் அம்மாவுக்குக் காய்ச்சல், நான் சண்டை போட்டதால் அப்பா ஊருக்குப் போனார் என்று. பெரியவர்கள் காரணம் சொல்லாத இடத்தில் பிள்ளை ஒரு காரணத்தை உண்டாக்கிக்கொள்ளும். அது நாம் மறைத்ததை விட மோசமாக இருக்கும். அதனால் "இதுல உன் தப்பு எதுவும் இல்ல" என்று ஒரு தடவையாவது வாய்விட்டுச் சொல்லுங்கள், சம்பந்தமில்லாதது போலத் தோன்றினாலும்.

டிவியைப் பற்றி. 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் கட்டடம் விழுந்த காட்சியை நாள் முழுக்கத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். ஒவ்வொரு தடவை காட்டும்போதும் இன்னொரு கட்டடம் விழுகிறது என்றே நிறையச் சின்னப் பிள்ளைகள் நினைத்துக்கொண்டார்கள். நமக்கு அது பழைய காட்சி. அவர்களுக்கு நேற்றும் விழுந்தது, இன்றும் விழுந்தது, இப்போதும் விழுகிறது. மாமியாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்று. இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939 செப்டம்பரில் இங்கிலாந்தில் நகரங்களிலிருந்து ஏறக்குறைய 15 லட்சம் பேரைச் சில நாட்களுக்குள் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். பெரும்பாலும் பிள்ளைகள், பலர் அம்மா அப்பா இல்லாமல் போனவர்கள். அந்தப் போர்க் காலத்தில் குழந்தைகளின் மனதை ஆராய்ந்த அன்னா பிராய்டும் டோரதி பர்லிங்காமும் லண்டனில் குழந்தைகள் காப்பகம் நடத்தினார்கள். அங்கே அவர்கள் கவனித்தது என்னவென்றால், குண்டுச் சத்தத்தைவிட அம்மாவைப் பிரிந்திருப்பதுதான் பல பிள்ளைகளை அதிகமாகப் பாதித்தது. அம்மா நிதானமாகப் பக்கத்தில் இருந்தால் பிள்ளை குண்டு விழுகிற ராத்திரியிலும் தூங்கியது. அம்மா நடுங்கினால் பிள்ளையும் நடுங்கியது.

செக்காலை அம்மா, உங்கள் பையன் போரைப் பற்றிக் கேட்கவில்லை, அப்பாவைப் பற்றிக் கேட்கிறான். டீச்சர் சொன்ன மேப் மற்றப் பிள்ளைகளுக்கு மருந்து. இவனுக்கு அது போதாது. தூரம் அதிகம் என்றால் அப்பாவும் தூரத்தில்தானே இருக்கிறார்.

தோகாவில் ஒரு கோட்டையூரான்:

நான் அந்த ராத்திரி இங்கேதான் இருந்தேன். அதனால் எழுதுகிறேன்.

முதலில் வான்வெளியை மூடிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. வெளியே வராமல் இருங்கள் என்று நம் தூதரகமும் சொன்னது. கொஞ்ச நேரத்தில் வானத்தில் வெளிச்சம், இடி மாதிரிச் சத்தம். தளம் நகரத்திலிருந்து முப்பது கிலோமீட்டர் போலத் தள்ளி, தென்மேற்கில் இருக்கிறது. ஆனால் சத்தம் கேட்டது, ஜன்னல் அதிர்ந்தது. ரூமில் இருந்தவர்கள் எல்லோரும் மாடிக்கு ஏறிப் படம் எடுத்தார்கள். சொன்னால் கேட்பதில்லை. அதே நேரத்தில் ஊரில் எல்லா வீட்டிலும் டிவி. எல்லோரும் ஒரே சமயத்தில் கூப்பிட்டதால் பல பேருக்கு உடனே லைன் கிடைக்கவில்லை. என் மகளுக்கு ஒன்பது வயது. லைன் கிடைக்காத அந்த நேரம்தான் அவளுக்குப் போர். ஏவுகணையெல்லாம் அதற்கு அப்புறம்.

அதன்பிறகு வீட்டில் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். ஏதாவது நடந்தால் நான் முதலில் கூப்பிட மாட்டேன், ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுவேன். லைன் மோசமாக இருந்தாலும் அது எப்படியாவது போய்ச் சேர்ந்துவிடும். "மெசேஜ் வர லேட் ஆனா நெட் இல்லைன்னு அர்த்தம், வேற அர்த்தம் இல்ல" என்று முன்கூட்டியே அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். வராவிட்டால் யாரிடம் கேட்பது என்று என் ரூம்மேட் இருவருடைய நம்பரை அவளே தன் நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். அம்மா போனில் இருப்பதைவிட அவள் நோட்டில் இருப்பதுதான் அவளுக்குத் தெம்பு.

அப்பாவுக்கு ஒன்றும் ஆகாது என்று சத்தியம் செய்து கொடுக்கச் சொன்னாள். செய்யவில்லை. நான் எங்கே தங்கியிருக்கிறேன், சத்தம் கேட்டால் எந்தப் பக்கம் போவோம், கம்பெனியில் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று எல்லாவற்றையும் வீடியோவில் காட்டினேன். மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து காட்டினேன். சிரித்தாள். நீங்களும் வீட்டுக்காரரிடம் சொல்லிப் பாருங்கள் அக்கா.

சும்மா வந்தேன்:

சத்தியம் செய்து கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? பிள்ளை நிம்மதியாகத் தூங்குமே.

மண்டபம் முகாம்காரன்:

சத்தியம் பற்றி நான் சொல்கிறேன். நான் பிறந்தது மண்டபத்தில் இருக்கிற இலங்கை அகதிகள் முகாமில். இப்போது காரைக்குடியில் வேலை. என் அம்மா 1990இல் படகில் வந்தவர். அதற்கு முன்னால் இலங்கையில் அவரோடு பங்கருக்குள் ஒளிந்திருந்த அண்ணனிடம் அம்மா ஒவ்வொரு ராத்திரியும் "இங்க செல் விழாது ராசா" என்று சொன்னாராம் (செல் என்றால் பீரங்கிக் குண்டு). ஒருநாள் விழுந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதன்பிறகு அம்மா சொன்ன எதையும் அண்ணன் நம்பவில்லை. மருந்து கசக்காது என்றால் நம்பமாட்டான், ஸ்கூலில் அடிக்கமாட்டார்கள் என்றால் நம்பமாட்டான். இந்தியாவுக்கு வந்து எத்தனையோ வருஷம் கழித்தும் அப்படித்தான்.

எனக்கு அவர்கள் எதுவுமே சொல்லவில்லை. ஹெலிகாப்டர் போனால் அம்மா கையில் இருக்கிற வேலையை அப்படியே நிறுத்திவிடுவார். தீபாவளிக்கு வீட்டில் வெடி கிடையாது. காரணம் கேட்டால் காசு இல்லை என்பார். பத்து வயதில் முகாமில் வேறொரு பெரியவர் சொல்லித்தான் எனக்கு எல்லாம் தெரிந்தது. அம்மா சொல்லியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

இன்னொன்று சொல்ல வேண்டும், யாரும் அதைத் தொடவில்லை. பயப்படுகிற பிள்ளையைப் பற்றிப் பேசுகிறோம், பயத்தில் அடுத்தவனை அடிக்கிற பிள்ளையைப் பற்றியும் பேச வேண்டும். பஹல்காமில் 2025 ஏப்ரல் 22ஆம் தேதி 26 பேரைக் கொன்றார்களே, அதற்கு அப்புறம் எனக்குத் தெரிந்த ஒரு முஸ்லிம் பையனைத் தெருவில் விளையாடுகிறபோது பாகிஸ்தான்காரன் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அவனுடைய தாத்தா பிறந்தது புதுவயலில். எங்களைப் பள்ளியில் அகதி என்று கூப்பிட்டது மாதிரிதான் இது. செய்தியைப் பற்றிப் பிள்ளையிடம் பேசும்போது, செய்தவன் வேறு, அவன் பேசுகிற மொழிக்காரனும் அவன் கும்பிடுகிற சாமிக்காரனும் வேறு என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பிள்ளை அதைத் தெருவில் கற்றுக்கொள்ளும்.

தேவகோட்டை டீச்சர்:

தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு. என் அனுபவத்தில் வகுப்பில் ‘யார் நல்லவங்க, யார் கெட்டவங்க’ என்று கேட்காத பிள்ளை கிடையாது. கிரிக்கெட் மாதிரி ஓர் அணியைச் சொல்லச் சொல்வார்கள். நான் அணி சொல்வதில்லை. அங்கேயும் உன்னை மாதிரி மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் ஸ்கூல் லீவு விட்டிருக்கிறார்கள் என்பேன். அதற்கு மேல் கேட்கிற பிள்ளைக்கு அதற்கு மேல் சொல்வேன்.

பள்ளத்தூர்க்காரர்:

இதில் எனக்கு டீச்சரோடு ஒத்துப்போகவில்லை. அடிக்கிறவனையும் அடி வாங்குகிறவனையும் ஒரே தட்டில் வைத்துச் சொன்னால் பிள்ளைக்கு நியாயம் எங்கிருந்து புரியும்? சின்னவனுக்கு வேண்டுமானால் சரி. பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் யார் முதலில் என்ன செய்தார்கள், யாருக்கு என்ன நஷ்டம் என்று சொல்லத்தான் வேண்டும். எங்கள் ஐயா ஜப்பான்காரனைத் திட்டுவார். இங்கிலீஷ்காரன் தன் ஆட்களை முதலில் ஏற்றிக்கொண்டு நம்மவர்களைக் காட்டில் நடக்க விட்டதையும் திட்டுவார். ரங்கூனில் தனக்குச் சோறு போட்டு ஒளித்து வைத்த பர்மாக்காரக் கிழவியை மட்டும் கையெடுத்துக் கும்பிடுவார். மூன்றையும் கேட்டுத்தான் வளர்ந்தோம்.

பிளஸ் டூ பையன்:

பெரியவர்கள் பேசுகிற இடத்தில் நுழைகிறேன், மன்னிக்கவும். அந்த ஏழாம் வகுப்புத் தங்கச்சிக்காக.

போனைப் பிடுங்காதீர்கள் ஆன்ட்டி. பிடுங்கினால் ஃபிரெண்ட் போனில் பார்ப்பாள். அவள் பார்ப்பதில் எது பொய் என்று சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். 2025 மே மாதம் எங்கள் வகுப்பு குரூப்பில் வந்த விமானத்தைச் சுடுகிற வீடியோ ஒன்று ஆர்மா 3 என்கிற கம்ப்யூட்டர் கேமிலிருந்து எடுத்தது. அதே கேமின் வீடியோவை உக்ரைனுக்கும் போட்டார்கள், காஸாவுக்கும் போட்டார்கள். கேம் விளையாடுகிற எங்களுக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. அனுப்பியது ஒரு ஃபிரெண்டோட அப்பா! அதே வாரம் கராச்சித் துறைமுகத்தை அழித்துவிட்டதாக டிவியிலேயே சொன்னார்கள். அதுவும் பொய் என்றாகிவிட்டது. வீடியோவை நிறுத்தி ஒரு படம் எடுத்து கூகுள் லென்ஸில் போட்டால் பழையது பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். இதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தால், அதற்கப்புறம் அவளே உங்களுக்குச் சொல்லிக் கொடுப்பாள்.

வீட்டில் பெரியவர்கள் முப்பது வீடியோ ஃபார்வர்டு செய்துவிட்டு நீ பார்க்காதே என்பது மட்டும் வேண்டாம்.

செக்காலை அம்மா:

எல்லோருக்கும் நன்றி. ஒரு வாரமாக எழுத நேரமில்லை.

டாக்டரம்மா சொன்னதை அப்படியே மாமியாரிடம் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் புதுசா விழுதுன்னு நினைக்குமா என்று இரண்டு முறை கேட்டார். அப்புறம் பையன் பள்ளியிலிருந்து வருகிற நேரத்தில் சீரியல் ஓடுகிறது. எனக்கு அந்தச் சீரியலும் பிடிக்காது, ஆனால் அதில் ஏவுகணை கிடையாது. செய்தியை ராத்திரி அவன் தூங்கியபிறகு பார்க்கிறோம்.

கோட்டையூர்த் தம்பி சொன்னபடி அவர் ரூமைக் காட்டினார். பையன் அப்பாவின் ரூம்மேட் நம்பரை நோட்டில் எழுதி, பக்கத்தில் அவர்கள் படத்தையும் வரைந்து வைத்திருக்கிறான், ஒருவருக்கு மீசை பெரிது. நான் சத்தியம் செய்யவில்லை. "அங்க சண்டை வந்தா அப்பாவை ஊருக்குக் கூட்டிட்டு வருவாங்களா" என்றான். தேவைப்பட்டால் நம் அரசாங்கம் விமானம் அனுப்பும், 2022இல் உக்ரைனில் டாக்டருக்குப் படித்த பிள்ளைகளை அப்படித்தான் கூட்டி வந்தார்கள் என்றேன். அது அவனுக்குப் பிடித்துவிட்டது, எத்தனை விமானம், யார் ஓட்டினார்கள் என்று ஆரம்பித்துவிட்டான். பாதிக்கு எனக்குப் பதில் தெரியவில்லை, அவனுடைய அக்காதான் தேடிச் சொன்னாள். அந்தச் சாக்கில் அவளும் பேசினாள். பேசியது போரைப் பற்றி இல்லை. அப்பா இந்த வருஷம் லீவுக்கு வராமல் போய்விடுவாரோ என்பதுதான் அவள் கவலை.

ஒரே ஒரு சந்தேகம் டாக்டரம்மா. சின்னவன் இந்த மாதத்தில் மூன்று, நான்கு முறை காலையில் வயிறு வலிக்கிறது என்றான். லீவு நாளில் வலிப்பதில்லை. பிளாஸ்டிக் விமானத்தை வைத்துக் குண்டு போடுகிற விளையாட்டும் விளையாடுகிறான். நிறுத்தச் சொல்லலாமா?

குழந்தை டாக்டரம்மா:

விளையாட்டை நிறுத்தாதீர்கள். பிள்ளைகள் பயத்தை விளையாடித்தான் கரைப்பார்கள். ஆம்புலன்ஸ், டாக்டர், தப்பித்த ஆட்கள் என்று விளையாட்டு மாறிக்கொண்டே இருந்தால் நல்லது. ஒரே மாதிரிக் குண்டு போட்டு, எல்லோரும் செத்து, முகம் இறுகி, அதையே திரும்பத் திரும்பச் செய்தால் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து, அடிபட்டவங்களை யார் தூக்கிட்டுப் போறாங்க என்று கேட்டுப் பாருங்கள்.

வயிற்று வலியை நடிப்பு என்று சொல்லாதீர்கள், அவனுக்கு உண்மையிலேயே வலிக்கும். பள்ளியில் வேறு ஏதாவது தொல்லை இருக்கிறதா என்றும் விசாரியுங்கள், எல்லாவற்றையும் போர்மேல் போட வேண்டாம். படுக்கையில் சிறுநீர் போவது, தனியாகக் குளியலறைக்குப் போகப் பயப்படுவது, பிடித்ததைச் சாப்பிடாமல் இருப்பது இவற்றில் ஏதாவது சேர்ந்தாலோ, வலி இன்னும் இரண்டு வாரம் தொடர்ந்தாலோ ஒரு தடவை குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். ராத்திரி நேரத்தில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416, டெலி மனஸ் என்கிற அரசாங்க மனநல உதவி எண், தமிழிலேயே பேசுவார்கள், காசு இல்லை. பிள்ளையைப் பற்றித்தான் பேச வேண்டும் என்றில்லை. உங்களுக்காகவும் கூப்பிடலாம்.